மேலிருந்து முதல் வரி

அந்த அலுவலகத்தில் மாப்பிள்ளையும் மருமகளும் பேசிக்கொள்வதில்லை. எதிரெதிர் மேசை. ஒருவர் தும்மினால் மற்றவர் டம்ளரைக் கையால் மூடிக்கொள்ளும் தூரம். ஆனாலும் பேச்சு கிடையாது. பேசியே தீர வேண்டிய விஷயம் வந்தால் நடுவில் மாமா நிற்க வேண்டும்.

மாமா என்றால் இருவருக்கும் மாமனார், நிறுவனத்தின் முதலாளி. மாப்பிள்ளை அவருடைய மகளைக் கட்டியவர். மருமகள் அவருடைய மகனைக் கட்டியவள். முறை வைத்துப் பார்த்தால் இவர் அவளுக்கு அண்ணன், அவள் இவருக்குத் தங்கச்சி. கல்யாணமான புதிதில் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள். பிறகு ஒரே தொழிலில் உட்கார வைத்தார்கள். அதோடு சரி.

தொழில் இதுதான்: கம்ப்யூட்டர் திரையில் அட்டவணை காட்டுவது. வரிகள், கட்டங்கள், தலைப்பைத் தட்டினால் வரிசை மாறுவது, இவையெல்லாம் மாப்பிள்ளையின் பிரிவு. அந்தக் கட்டங்களுக்குள் என்ன வர வேண்டுமோ அதை உள்ளிருந்து எடுத்துக் கொடுப்பது மருமகளின் பிரிவு.

அட்டவணையைப் பார்த்தால் எல்லாம் தெரிந்தது போல இருக்கும். உண்மையில் அதற்கு ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு கட்டத்தையும் வரைவதற்கு முன் உள்ளே கேட்கும். மொத்தம் எத்தனை வரி? நாலாவது வரியில் ரெண்டாவது கட்டத்தில் என்ன? அதற்கு அடுத்ததில்? பதில் வந்ததும் தானே யோசித்துச் சொன்னது போலக் காட்டும். யாராவது மேலும் கீழும் நகர்த்தினால், இப்போதுதானே கேட்டோம் என்ற கூச்சம் இல்லாமல் மறுபடி முதலிலிருந்து கேட்கும். பெரிய பதவிக்கு வேண்டிய எல்லாத் தகுதியும் அதற்கு உண்டு.

பார்க்க வருகிறவர்கள் திரையைத்தான் பார்ப்பார்கள். "அடடா, என்ன வழவழன்னு ஓடுது!" என்பார்கள். மாப்பிள்ளை கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொள்வார். உள்ளேயிருந்து எடுத்துக் கொடுத்தவளை யாரும் கேட்க மாட்டார்கள். ஒருநாள் அப்படி ஒரு பாராட்டு மழையில் நனைந்த குஷியில் மாப்பிள்ளை விரலைச் சொடுக்கி, "சப்ளையர்! மூணாவது வரிக்கு சூடா ஒண்ணு கொண்டா!" என்றார். அறையே சிரித்தது. மருமகள் சிரிக்கவில்லை. "ஜன்னல் துடைக்கிறவங்க எல்லாம் வீட்டுக்காரன்னு நெனச்சுக்கிட்டா இப்படித்தான்" என்றாள். அறை அதற்கும் சிரித்தது. அன்றிலிருந்து இருவருக்கும் நடுவே மாமா.

மருமகளும் லேசுப்பட்டவள் இல்லை. கேட்டதற்கு மட்டும் பதில் என்பதை ஒரு விரதம் போலக் கடைப்பிடித்தாள். திரை தப்பான கேள்வியைக் கேட்டால் தப்பான கேள்விக்குச் சரியான பதிலைக் கொடுத்துவிட்டு நகத்தைப் பார்ப்பாள். "கேட்டாங்க, கொடுத்தேன்" என்பாள். இதற்குப் பெயர் தொழில் சுத்தம் என்று அவளே சொல்லிக்கொண்டாள். வேறு யாரும் சொல்லவில்லை.

மாமா முன்னாளில் ஜன்னல் கண்ணாடி விற்றவர். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அதற்கும் முன்னால் ஒரு கண்ணாடி உண்டு என்பது. ஆனால் சமாதானம் செய்வதில் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்று நம்பினார். குடும்பத்தில் எந்தச் சண்டையையும் தான் நடுவில் நின்று அணைத்துவிட்டதாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அணைந்ததா என்று அவர் திரும்பிப் பார்த்தது கிடையாது.

அவர் இப்போது ஓய்வெடுக்க நினைத்தார். ஒரு பெரிய கிடங்கு நிறுவனம் தன் ஊழியர்களைக் கண்காணிக்க ஒரு மென்பொருள் கேட்டிருந்தது. அந்த ஒப்பந்தம் கையெழுத்தானால் தன் நாற்காலி மாப்பிள்ளைக்கு என்று அறிவித்துவிட்டார். மாப்பிள்ளையும் அறிவித்தார், சாப்பாட்டு மேசையில், எல்லோர் முன்னாலும்:

"உக்காந்ததும் முதல் வேலை, அந்த சப்ளைப் பிரிவை எடுத்துடறதுதான் மாமா. வெளியே யாரு வேணாலும் செஞ்சு தருவாங்க. தங்கச்சியும் பாவம், எத்தனை நாளைக்கு உழைக்கும்? வீட்டுல நிம்மதியா இருக்கட்டும்."

மருமகள் தன் புருஷனைப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்தார். தட்டில் ஒன்றும் இல்லை, இருந்தாலும் பார்த்தார்.

அவளுக்கு அந்த மேசைதான் எல்லாம். அந்த வீட்டில் அவள் கையெழுத்துக்கு மதிப்பு இருந்த ஒரே இடம் அது. மேசை போனால் நாத்தனார் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, அந்த நாத்தனாரின் புருஷன் முதலாளியாகி வீட்டுக்கு வரும்போது கதவைத் திறந்துவிட வேண்டியதுதான்.

மென்பொருளுக்கு மாப்பிள்ளை 'ஞானக்கண்' என்று பெயர் வைத்தார். ஊழியர்களின் பட்டியல் திரையில் விரியும். பெயர், பதவி, தாமதம், தூக்கம், பேச்சு என்று பல தலைப்புகள். எந்தத் தலைப்பைத் தட்டினாலும் அதில் மோசமானவர் மேலே வருவார். அவருடைய வரியைத் தேர்ந்து 'எச்சரி' என்ற சிவப்புப் பொத்தானை அழுத்தினால், கடிதம் தானாகவே அவர் கைபேசிக்குப் போய்விடும். போனதும் திரையில் ஒரு பச்சைப் பறவை பறக்கும். அந்தப் பறவையின் இறக்கைக்கு மாப்பிள்ளை நிறைய நாள் செலவழித்தார்.

பறவைக்குச் செலவழித்த கவனத்தில் ஒரு சின்ன விஷயம் விட்டுப்போயிற்று. மருமகள் ஊழியர்களை ஒரே வரிசையில்தான் வைத்திருந்தாள். கிடங்கு நிறுவனம் கேட்டுக்கொண்டபடி பதவி வரிசை. தலைவர் முதல், வாசல் காவலாளி கடைசி. திரையில் தலைப்பைத் தட்டி வரிசையை மாற்றினால், அது திரையில் மட்டும்தான் மாறும். திரையின் முதல் வரி அவளிடம் எத்தனையாவது வரி என்று மாற்றிக் கேட்பது திரையின் பொறுப்பு. எழுத்தைக் காட்டும்போது மாப்பிள்ளை மாற்றித்தான் கேட்டார். சிவப்புப் பொத்தானுக்கு மறந்துவிட்டார். திரையில் எந்த இடத்தைத் தொடுகிறோமோ, அந்த எண்ணை அப்படியே அனுப்பினார்.

வரிசை மாற்றிப் பார்த்தார், அழகாக மாறியது. பொத்தானை அழுத்திப் பார்த்தார், பறவை பறந்தது. இரண்டையும் சேர்த்து ஒரு தடவைகூடச் செய்து பார்க்கவில்லை.

மருமகள் இதைக் கண்டுபிடித்தாள். வேறு நோக்கத்தோடுதான் அவர் எழுதியதைப் படித்தாள். எங்கேயாவது கேவலமாக ஏதாவது சிக்குமா என்று. சிக்கியது. ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை. ஆள் மாறிக் கடிதம் போனால் எல்லோரும் முதலில் முகர்ந்து பார்க்கப்போவது அவள் கொடுத்த சரக்கைத்தான். நினைத்தால் தன் பக்கத்திலேயே அவள் அதைச் சரிசெய்திருக்கலாம். வரி எண்ணுக்குப் பதிலாக ஆளின் அடையாள எண்ணைக் கேட்டு வாங்கலாம். அது அவள் பிரிவின் வேலை இல்லை. விரதம் குறுக்கே நின்றது.

மாமாவைக் கூப்பிட்டாள். மாப்பிள்ளை ஒரு கையெட்டும் தூரத்தில் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, அவர்கிட்டச் சொல்லுங்க. தலைப்பைத் தட்டி வரிசையை மாத்தின பிறகு பொத்தானை அழுத்தினா தப்பான ஆளுக்குப் போகும். எண்ணை மாத்தி அனுப்பணும். பறவைக்கு ரெக்கை ஒட்டத் தெரிஞ்சவருக்கு இது தெரியலைன்னா, கழுத்துக்கு மேல இருக்கறது எதுக்குன்னு கேளுங்க."

மாமா தலையசைத்தார். நாலடி நடந்து மாப்பிள்ளையிடம் போனார். அந்த நாலடியில் அவருடைய சமாதானக் கலை வேலை செய்தது. கழுத்துக்கு மேலே இருப்பதை முதலில் எடுத்தார். 'தப்பு' என்ற சொல் ஒப்பந்த நேரத்தில் ஆகாது, அதையும் எடுத்தார். பொத்தான், எண் என்பவை அவருக்கே புரியவில்லை, புரியாததைச் சொல்லி எதற்கு வம்பு. மிச்சம் இருந்ததைச் சொன்னார்.

"மாப்ளே, நீங்க வரிசை மாத்தறதையும் அந்தப் பறவையையும் பத்தித்தான் தங்கச்சி சொல்லிக்கிட்டிருக்கு."

"என்னவாம்?"

"ரெக்கை ரொம்ப நல்லா வந்திருக்காம்."

மாப்பிள்ளை காதிலிருந்து ஒன்றைக் கழற்றினார். "இப்பவாவது தெரிஞ்சுதே. இவ்வளவு அழகான அட்டவணைக்குச் சரக்கு கொடுக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்னு சொல்லுங்க."

மாமா நாலடி திரும்பி வந்தார். "சரின்னுட்டார்ம்மா" என்றார்.

கிடங்கு நிறுவனத்தின் பணியாளர் அதிகாரி வந்தார். உட்காரும்போதே நாற்காலியை எச்சரிப்பது போலப் பார்த்து உட்காரும் ஆள். "பொம்மை விளையாட்டெல்லாம் எனக்கு வேண்டாம். எங்க ஆளுங்க, எங்க விவரம், நிஜக் கடிதம். இங்க அழுத்தினா அங்க நடுங்கணும்" என்று முன்கூட்டியே சொல்லி எல்லாவற்றையும் இணைக்க வைத்திருந்தார்.

மாப்பிள்ளை ஞானக்கண்ணைத் திறந்தார். பட்டியல் விரிந்தது. ஊழியன் என்பவன் யார், ஒழுக்கம் என்பது எது என்று ஒரு சின்னப் பிரசங்கம் செய்தார். அட்டவணை வெறும் அட்டவணை இல்லை, அது நிர்வாகத்தின் மனசாட்சி என்றார். மருமகள் நகத்தைப் பார்த்தாள்.

"யாரு அதிகமாத் தூங்கறாங்க?" என்றார் அதிகாரி.

மாப்பிள்ளை 'தூக்கம்' என்ற தலைப்பைத் தட்டினார். வரிகள் ஒன்றையொன்று தாண்டிக் குதித்து இடம் மாறின. தலைவருடைய கட்டம் காலி. அவர் தூங்குவதை அளக்க யாருக்குத் துணிச்சல்? அதனால் அவர் அடிக்குப் போனார். மேலிருந்து முதல் வரியில் வாசல் காவலாளி வந்து நின்றார்.

மருமகள் நிமிர்ந்தாள். சரி என்றாரே, மாற்றியிருப்பார்.

"இவனா!" அதிகாரிக்கு முகம் மலர்ந்தது. "நானே அழுத்தறேன்." அழுத்தினார். பறவை பறந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

கைதட்டல் அடங்குவதற்குள் அதிகாரியின் கைபேசி அடித்தது. பெயரைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"ஐயா, வணக்கங்க ஐயா... இல்லைங்க ஐயா... உங்களைப் போய் யாருங்க ஐயா தூங்கறீங்கன்னு... என் கையெழுத்தா?... 'உங்களைப் போன்றவர்களைச் சுமந்துகொண்டு நிறுவனம் நடத்த வேண்டிய அவசியம் இல்லை'ன்னா? ஐயோ, அது வந்துங்க ஐயா..."

பேசிக்கொண்டே, யாரும் துரத்தாமலே, நடைவழிக்கு ஓடினார்.

மாப்பிள்ளை திரையைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். "மாமா, தங்கச்சிகிட்டக் கேளுங்க, என்ன சரக்கு இது? காவலாளியைக் கேட்டா தலைவரைத் தூக்கிக் கொடுத்திருக்கு! வேணும்னே என் நாற்காலியைக் கவுக்கப் பார்க்குது!"

மாமா வாயைத் திறந்தார். மருமகள் அவரைத் தாண்டிப் போய் மாப்பிள்ளையின் மேசையில் கையை ஊன்றினாள்.

"முதல் வரியைக் கேட்டீங்க, முதல் வரியைக் கொடுத்தேன். எங்கிட்ட முதல் வரி தலைவர். எண்ணை மாத்தி அனுப்புங்கன்னு அன்னிக்கே சொன்னேனா இல்லையா?"

"எப்ப சொன்னே? நீயா? நீ எங்கிட்டப் பேசியே யுகமாச்சு!"

"மாமாகிட்டச் சொல்லிவிட்டேன்!"

"அவரு ரெக்கை நல்லாயிருக்குன்னு நீ சொன்னதாச் சொன்னாரு!"

"நானா? அந்தப் பறவையையா? அதைப் பாத்தா கோழி குப்பையைக் கிளறுற மாதிரி இருக்கு!"

"ஓஹோ. அப்ப தெரிஞ்சே விட்டிருக்கே. எதிர்லதானே உக்காந்திருந்தே, ஒரு வார்த்தை என்னைப் பாத்துச் சொன்னா வாய் வெந்துடுமா?"

"நீங்க எழுதினதை நீங்களே ஒரு தடவை தட்டிப் பாத்தா விரல் தேஞ்சுடுமா?"

இருவரும் ஒரே நேரத்தில் மாமாவின் பக்கம் திரும்பினார்கள்.

மாமா சுவரோடு ஒட்டி நின்றார். "குடும்பம் ஒத்துமையா இருக்கணும்னுதான்..." என்றார். "கசப்பா இருந்ததைக் கொஞ்சம் எடுத்துட்டுச் சொன்னேன். அதுக்குள்ள விஷயம் இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அதற்குள் அதிகாரி திரும்பி வந்துவிட்டார். சட்டை நனைந்திருந்தது. கைபேசியை மேசை நடுவே வைத்து, "ஐயா உங்க எல்லார்கிட்டயும் பேசணுமாம்" என்றார்.

"யாரு சொன்னது உங்களுக்கு?" தலைவரின் குரல் எதிர்பார்த்த அளவுக்கு உறுமவில்லை. "மத்தியானம் நான் உள்ளே தாழ்ப்பாள் போட்டுட்டுத்தானே படுக்கறேன்? அது அந்த மெஷினுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. மாப்பிள்ளைக்கு உயிர் வந்தது. இருக்கிற குழியையே மேடையாக்கிக்கொள்ளும் திறமை அவருக்குப் பிறவியிலேயே உண்டு.

"ஐயா, ஞானக்கண்ணுக்கு முன்னாடி பெரியவங்க சின்னவங்க கிடையாது. கட்டம் காலியா இருந்தாலும் அது கண்டுபிடிச்சுடும்" என்றார்.

கைபேசிக்குள் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

"வாங்கிடுங்க" என்றது குரல். "ஆனா என் பேரு அதுக்குள்ள இருக்கக்கூடாது. யாரு விவரம் கொடுக்கறது அங்க?"

"நான்தாங்க" என்றாள் மருமகள்.

"நீயே எடுத்துடும்மா. எடுத்தது வெளியே தெரியக்கூடாது. வேற ஆள் கைக்கு இந்த வேலை போகக்கூடாது. ஒருத்தர் வாயோட நிக்கட்டும்."

ஒப்பந்தம் கையெழுத்தானது. வாக்குக் கொடுத்தபடி மாமா நாற்காலியை மாப்பிள்ளைக்கு விட்டார். மாப்பிள்ளை உட்கார்ந்தார், சுழன்று பார்த்தார், மருமகளை அனுப்பிவிடலாம் என்று ஆசையாகத் திரும்பினார். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கம் நினைவுக்கு வந்தது. விவரம் கொடுக்கும் ஆளை மாற்றினால் ஒப்பந்தம் செல்லாது என்று தலைவரே சேர்க்கச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை மறுபடி சுழன்று சுவரைப் பார்த்தார்.

தலைவர் பெயரை எடுத்ததும் பட்டியலின் முதல் வரியில் உபதலைவர் ஏறினார். சேதி எப்படியோ அவருக்குப் போயிற்று. அவரும் எடுக்கச் சொன்னார். பிறகு இயக்குநர்கள். பிறகு பணியாளர் அதிகாரியே தனியாகக் கூப்பிட்டு, "நானும் அப்பப்ப கண்ணை மூடி யோசிக்கிற ஆளும்மா" என்றார். மேலாளர்கள், கண்காணிப்பாளர்கள், அவர்களுடைய மச்சான்கள், மச்சினிகள், சங்கத்துக்காரர்கள். ஒவ்வொரு தடவையும் அட்டவணை, எத்தனை வரி என்று கேட்டது. மருமகள் குறைத்துக் குறைத்துச் சொன்னாள். அது நம்பியது. கொடுப்பதற்காக வைத்த பிரிவு இப்போது கொடுக்காமல் இருப்பதற்காக நடந்தது. மதிப்போ முன்னைவிடக் கூடியிருந்தது.

கடைசியில் வாசல் காவலாளி ஒருவர் மட்டும் மிஞ்சினார். அவருக்குச் சொல்லிவிட ஆள் இல்லை.

பொத்தானின் தப்பை மாப்பிள்ளை திருத்தவே இல்லை. திருத்த வேண்டிய அவசியமும் தெரியவில்லை. இருப்பது ஒரே வரி. எந்தத் தலைப்பைத் தட்டி எப்படி அடுக்கினாலும் சரியாகவே வந்தது. "பாத்தியா, அன்னிக்கும் என் பக்கம் தப்பே இல்லை" என்றார், இப்போது நேரடியாகவே. நேரடியாகப் பேசத் தொடங்கிய பிறகு அந்த அறையில் மற்றவர்கள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

ஒரு காலையில் கிடங்கிலிருந்து காவலாளியே படியேறி வந்தார். கையில் கைபேசி. யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் மருமகளிடம் நீட்டினார்.

"அம்மா, தினமும் வந்துக்கிட்டே இருக்கும்மா. தூங்கறேன்னு வந்துச்சு, சரி. மேலாளர் கூட்டத்துல வாயே திறக்கலைன்னு ஒண்ணு வந்திருக்கு. என்னை எந்தக் கூட்டத்துக்கும்மா கூப்பிட்டாங்க? வெளியூர்ப் பயணத்துல ஓட்டல் அறையை அசுத்தம் பண்ணேனாம். நான் அந்த வாசலை விட்டு நகர்ந்ததே இல்லையே. இத்தனை எச்சரிக்கை அனுப்பியாகணும்னு அங்க மேலிடத்து உத்தரவாம். அழுத்தினா எனக்குத்தான் வருதாம்."

"ஆமா" என்றாள் மருமகள்.

"எல்லார் பேரையும் நீங்கதான் எடுத்தீங்களாமே. என் பேரையும் எடுத்துடுங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவள் திரையைப் பார்த்தாள். ஒரு வரி, அகலமாக, தனியாக. அதை எடுத்தால் வரி எத்தனை என்று அட்டவணை கேட்கும், ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டும். ஒன்றுமில்லாததைக் கொடுக்க ஒரு பிரிவு எதற்கு என்று யாராவது கேட்பார்கள். முதலில் யார் கேட்பார் என்றும் அவளுக்குத் தெரியும். நாற்காலியில் இருந்தவர் சுழலாமல் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் அட்டவணை காலியானால் அவருடைய நாற்காலியும் நிற்காது.

"முடியாதுன்னு சொல்லு" என்றார் மாப்பிள்ளை.

"அதைத்தான் சொல்லப் போறேன், வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க." காவலாளியிடம் திரும்பினாள். "எடுக்க வழியில்லைங்க. ஒருத்தராவது இருந்தாகணும்."

"அது ஏன் நானாம்மா?"

"கடைசியா வந்திருக்கீங்க."

காவலாளி கைபேசியைச் சட்டைப் பையில் போட்டார். போவதற்குத் திரும்பியவர் நின்றார். "அப்படின்னா இனிமே நான் நிஜமாவே தூங்கினாலும் ஒண்ணுதானேம்மா?"

அவர் பையில் கைபேசி நடுங்கியது. எடுத்துப் பார்த்தார், பணி நேரத்தில் வாசலில் இல்லை என்று வந்திருந்தது. இது ஒன்று மட்டும் உண்மை. அவர் அவசரமாகப் படியிறங்கினார்.